பீரங்கி திரும்பலங்கிற கதையும் செந்தோசா காட்டுக்குள்ள நாங்க பார்த்ததும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இதழ்ல சிங்கப்பூர் செந்தோசா தீவுல இருக்கிற பழைய பிரிட்டிஷ் கோட்டைங்களப் பத்தி வந்த கட்டுரைய எங்க வீட்ல எல்லாரும் உக்காந்து படிச்சோம், படமெல்லாம் நல்லா இருந்துச்சு, நம்ம தமிழ்ப் பேப்பர்ல இப்படி ஒரு விஷயம் வர்றதே பெரிய சந்தோஷம். ஆனா கடைசியில பீரங்கி எல்லாம் கடலப் பார்த்தே வச்சிருந்ததால திருப்ப முடியாம 1942-ல ஜப்பான்காரங்ககிட்ட சிங்கப்பூர் விழுந்துச்சுன்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதப் படிச்சதும் மனசு கேக்கல, அதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் கதைய நான் சின்னப் பிள்ளையிலேயே கேட்டவன். எங்க தாத்தா செம்பவாங் நேவல் பேஸ்ல, அதான் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துல, கூலி வேலை பார்த்தவர். அங்க நம்ம ஆளுங்க, மலையாளத்துக்காரங்கன்னு எத்தனையோ பேர் வேலை செஞ்சிருக்காங்க. சாயங்காலம் டீ குடிச்சுக்கிட்டே சொல்வாரு, வெள்ளக்காரன் பீரங்கிய கடல் பக்கமா நட்டு வச்சுட்டு காவல் இருந்தான்டா, ஜப்பான்காரன் பின் வாசல் வழியா சைக்கிள்ல வந்துட்டான்னு. நாங்க சிரிப்போம், அவர் சிரிக்க மாட்டாரு. சைக்கிள் நெசம்தான், மலாயா முழுக்க ஜப்பான் படை சைக்கிள்ல வந்தது எல்லாருக்கும் தெரியும். பீரங்கிக் கதைதான் அப்படியே நெசம் இல்ல.

பள்ளிக்கூட லீவுல என் மகளுக்கு ஹிஸ்டரி பிராஜெக்ட் இருந்துச்சு, அதுக்காக அவளக் கூட்டிக்கிட்டு ஹார்பர்ஃபிரண்ட்ல ரயில் ஏறி இம்பியா ஸ்டேஷன்ல இறங்கி நடந்தோம். எல்லாரும் கேபிள் கார் பக்கம் போறாங்க, ஒரு சின்ன பாதை மட்டும் மரத்துக்குள்ள பிரியுது, அதுல போனா இம்பியா மலை பேட்டரி, பேட்டரின்னா பீரங்கிங்கள வரிசையா நிறுத்தி வச்ச இடம். உள்ள போன ரெண்டு நிமிஷத்துல பாட்டுச் சத்தம், பிள்ளைங்க சத்தம் எல்லாம் அடங்கிப் போச்சு, சில்வண்டு சத்தம் மட்டும்தான். பாசி புடிச்ச படி, ஈரம், கால் வழுக்குது. அப்புறம் அந்தக் குழி, பீரங்கி நின்ன இடம், வளைவா காங்கிரீட் சுவரு, ஒரு மரம் சுவரு மேலயே உக்காந்து வேர இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இறக்கி விட்டிருக்கு. சுவர்ல கை வச்சா, காங்கிரீட் ஊத்தினப்ப அடிச்சிருந்த பலகையோட வரி அப்படியே விரல்ல தட்டுது, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தப் பலகைய அறுத்தவன், அந்தக் கலவைய சுமந்தவன் யாருன்னு ஒரு போர்டுலயும் இல்ல. கீழ வெடிமருந்து வச்ச ரூமுக்குள்ள போன் லைட் அடிச்சுப் பார்த்தோம், சுவர்ல யாரோ பேரு கிறுக்கி வச்சிருக்காங்க, மூலையில தண்ணி நிக்குது, அவ்வளவுதான்.

மகதான் கேட்டா, அப்பா பீரங்கி திரும்பாதுன்னா சுவர ஏன் இப்படி வட்டமா கட்டியிருக்காங்கன்னு. நான் பதில் சொல்ல முடியாம நின்னேன். வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் லைப்ரரி, படிக்கிறது, திரும்ப அதே தீவுல இருக்கிற சிலோசோ கோட்டைக்குப் போறதுன்னு அலைஞ்சதுல தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன், இத நீங்க போடணும்.

இந்தத் தீவுல 1942-ல உண்மையாவே வேலை பார்த்தது இம்பியா இல்ல, அது அதுக்கும் முந்தின காலத்து பேட்டரி. கனாட் பேட்டரின்னு ஒண்ணு இருந்துச்சு, மூணு பீரங்கி, ஒவ்வொண்ணோட வாயும் 9.2 அங்குலம். அது திரும்பி நம்ம நிலத்துப் பக்கமே சுட்டிருக்கு, ஜப்பான்காரங்க புடிச்ச தெங்கா விமானத்தளம் வரைக்கும் குண்டு போயிருக்கு. சாங்கியில ஜோகூர் பேட்டரி, அதுல 15 அங்குல பீரங்கி மூணு, ஒரு குண்டோட எடை மட்டும் ஏறக்குறைய 880 கிலோ. 1935-ல ஐந்தாம் ஜார்ஜ் மன்னரோட வெள்ளி விழாவுக்கு ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் அஞ்சு லட்சம் பவுண்டு குடுத்தாரு, அதனாலதான் அந்தப் பேரு. அந்த மூணுல ரெண்டு நல்லாவே நிலத்துப் பக்கம் திரும்பும், திரும்பி சுடவும் செஞ்சுது. புவோனா விஸ்டாவுல இருந்த ரெண்டு 15 அங்குல பீரங்கி மட்டும் வடக்குப் பக்கம் திரும்பாது, அது ஒரு ரவுண்டு கூட ஜப்பான்காரங்க மேல சுடல. இந்த ரெண்டு பீரங்கியோட கதைதான் வளர்ந்து வளர்ந்து ஊர்ல இருந்த எல்லாப் பீரங்கியோட கதையாவும் ஆயிருக்கணும்னு நினைக்கிறேன்.

அப்ப எங்க கோளாறு? குண்டுல. கடல்ல வர்ற போர்க்கப்பலோட இரும்புக் கவசத்தத் துளைச்சு உள்ள போய் வெடிக்கிற மாதிரி செஞ்ச குண்டுதான் பெரும்பாலும் இருப்பு வச்சிருந்தாங்க. அந்தக் குண்ட ரப்பர் தோட்டத்துலயும் சேத்துலயும் நடந்து வர்ற காலாட்படை மேல போட்டா என்ன ஆகும், மண்ணுக்குள்ள ஆழமாப் புதைஞ்சு அப்புறம்தான் வெடிக்கும், பள்ளம் விழும், சுத்தி நிக்கிறவனுக்கு பெருசா ஒண்ணும் ஆகாது. தரையில வெடிச்சு சிதறுற குண்டு கொஞ்சம்தான் இருந்துச்சு. அதுக்கும் மேல, ஆபத்துன்னா இங்கிலாந்துலேர்ந்து பெரிய கப்பல் படை வந்து காப்பாத்தும்னு நம்பித்தான் கோடிக்கணக்குல கொட்டி அந்த நேவல் பேஸையே கட்டினாங்க, அந்தப் படை வரவே இல்ல. வந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் ரெண்டு கப்பலும் 1941 டிசம்பர் 10-ஆம் தேதியே மூழ்கிப் போச்சு. விமானம் பத்தல, டாங்கியும் ஏறக்குறைய இல்லாத மாதிரிதான். 1942 பிப்ரவரி 8 ராத்திரி வடமேற்குக் கரையில ஜப்பான்காரங்க இறங்கினாங்க, 15-ஆம் தேதி பிரிட்டிஷ்காரங்க சரணடைஞ்சாச்சு. பீரங்கிக்காரங்க கடைசி வரைக்கும் சுட்டுட்டு, எதிரி கையில சிக்கக் கூடாதுன்னு தாங்களே பீரங்கிய உடைச்சிருக்காங்க. அப்படிப்பட்டவங்கள பீரங்கியத் திருப்பத் தெரியாத முட்டாளுங்கன்னு எண்பது வருஷத்துக்கு மேல சொல்லிக்கிட்டு இருக்கோம், எனக்கு அது ரொம்பக் கஷ்டமா இருக்கு.

கட்டுரையில இன்னொண்ணும் இருந்துச்சு, லாப்ரடார் பார்க்லேர்ந்து கடலுக்கு அடியில சிலோசோ வரைக்கும் ரகசிய சுரங்கம் இருக்குன்னு. லாப்ரடார்ல சுரங்கம் இருக்கு, 2001-ல கண்டுபிடிச்சு 2005-ல ஜனங்களுக்குத் திறந்து விட்டாங்க, குண்டும் வெடிமருந்தும் வச்சு மேல பேட்டரிக்கு ஏத்துறதுக்கான சுரங்கம். சாங்கியிலயும் 1991-ல சிறைத்துறை ஆளுங்க ஜோகூர் பேட்டரியோட பாதாள அறைங்களக் கண்டுபிடிச்சாங்க. மண்ணுக்கு அடியில இப்படி ஒண்ணு ரெண்டு நெசமாவே கிடைச்சதும் ஜனங்க மிச்சத்த தாங்களே சேர்த்துக்கிட்டாங்க. கடலுக்கு அடியில போற சுரங்கம் இதுவரைக்கும் யாரு கண்ணுலயும் படல.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. இந்தத் தீவோட பழைய பேரு புலாவ் பிளாக்காங் மாத்தி, மாத்தின்னா மலாயில சாவு. ஏன் அந்தப் பேருன்னு ஆளுக்கு ஒரு கதை சொல்வாங்க, கடல் கொள்ளைக்காரங்க வெட்டிப் போட்ட இடம்னு ஒருத்தர், காய்ச்சல் வந்து குடி இருந்தவங்க செத்துப் போனாங்கன்னு ஒருத்தர், பக்கத்து பிரானி தீவுல செத்த வீரனுங்களோட ஆவி இங்கதான் வாழுதுன்னு ஒருத்தர். 1970-கள்ல சுற்றுலாவுக்காக செந்தோசான்னு மாத்தினாங்க, நம்ம சந்தோஷம்ங்கிற அதே சமஸ்கிருதச் சொல்லுதான். உங்க கட்டுரை இந்த ஆவிக் கதைக்கெல்லாம் அரைப் பக்கம் குடுத்திருக்கு. ஆனா சரணடைஞ்ச பிறகு சூக் சிங்ங்கிற படுகொலை நடந்துச்சு, ஜப்பான்காரங்க சீன ஆம்பளைங்கள இழுத்துட்டுப் போய் சுட்டாங்க, கடல்ல மிதந்து இந்தத் தீவுக் கரையில ஒதுங்கின உடம்பு மட்டும் ஏறக்குறைய 300, எல்லாம் குண்டு பாய்ஞ்ச உடம்பு. அப்ப இங்க கைதியா இருந்த பிரிட்டிஷ் பீரங்கிக்காரங்கதான் அவங்கள எடுத்துப் புதைச்சிருக்காங்க, இன்னைக்கு செராப்போங் கோல்ஃப் கோர்ஸ் இருக்கிற பக்கம். சுட்டு ஓஞ்ச அதே கையால மண்ணத் தோண்டியிருக்காங்க. இந்த 300 பேரப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வரி கூட இல்ல. கொள்ளைக்காரன் ஆவிக்கு இடம் இருக்கு, நெசமா செத்தவங்களுக்கு இல்லன்னா எப்படி?

சிலோசோவ 2022 பிப்ரவரி 15-ஆம் தேதி தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சாங்க, சரணடைஞ்சு சரியா எண்பது வருஷம் ஆன நாள், அதுக்கு மனசார நன்றி. அங்க மெழுகு பொம்மை இருக்கு, விளக்கம் இருக்கு, மேல ஸ்கைவாக் இருக்கு, டிக்கெட்டும் கிடையாது, வாசகர்கள் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க. ஆனா இம்பியா பேட்டரியில அந்த மர வேரு சுவரப் பிளந்துக்கிட்டு இருக்கு. இதே தீவுல இருக்கிற செராப்போங் கோட்டை காட்டுக்குள்ள கிடக்கு, பாதுகாப்பு இல்லாத இடம், சும்மா வீடியோ எடுக்க யாரும் உள்ள நுழையாதீங்க, குழி எங்க இருக்குன்னே தெரியாது. முறையா ஆளு கூட்டிட்டுப் போற நடை வருஷத்துக்கு நாலு தடவையாவது வச்சா நல்லது, அதுல ஒண்ணு தமிழ்ல இருந்தா இன்னும் நல்லது.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். நேவல் பேஸ்லயும் இந்தக் கோட்டைங்கள்லயும் கல்லு மண்ணு சுமந்த நம்ம ஆளுங்களோட பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க இந்தப் பேப்பர படிக்கிறாங்க, அவங்க வீட்ல பாஸ், சம்பளச் சீட்டு, போட்டோ ஏதாவது இருக்கும், அத அனுப்பச் சொல்லி ஒரு சின்னக் கட்டம் போட்டுக் கேளுங்க. எங்க தாத்தாவோட பேஸ் பாஸ், அவர் போட்டோ ஒட்டினது, ஒரு மூலை கரையான் அரிச்சிருக்கு, எங்க அம்மா புடவைப் பெட்டியில இருந்துச்சு, முதல்ல அதையே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
யீஷூன்.