அக்கிக்கு எது நல்ல மருந்து?

ஆசிரியருக்கு,

போன மாதம் உங்கள் மருத்துவப் பக்கத்தில், ஒரு மூலிகைச் சாறு ஆய்வுகூடத்தில் ஹெர்பிஸ் வைரசை (அக்கி தரும் வைரசும் அந்தக் குடும்பம்தான்), அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் அசைக்ளோவிர் என்ற மருந்தை விட நன்றாக அடக்கியது என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா அதை வெட்டி வைத்திருந்தார். இடுப்பில் அக்கி வந்ததும் அந்த இலையை அரைத்துப் பூசிக்கொண்டு நாலு நாள் இருந்துவிட்டார். அக்கிக்குக் குளிசையை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். இப்போது கொப்புளம் காய்ந்துவிட்டது, எரிவு போகவில்லை. சேலை உரசினாலே துடிக்கிறார்.

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். இந்தச் சோதனைத் தட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த வெரோ கலங்களைத் தட்டில் பரப்பி, வைரசை விட்டு, மருந்தைச் சேர்ப்பார்கள். சில நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றினால், வைரசு தின்ற இடம் மட்டும் குண்டூசித் தலை அளவில் வெளுத்துத் தெரியும். அந்தப் புள்ளிகளைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு மருந்து வேண்டும் என்பதுதான் கணக்கு. கலத்தை மாற்றினால் அந்தக் கணக்கும் மாறும். சாறு கலத்தையே கொன்றால் வைரசும் பெருகாது. ஆகவே கலத்துக்கு எவ்வளவு சேதம் என்பதையும் சேர்த்துச் சொல்லாத ஒப்பீட்டை நான் நம்பமாட்டேன்.

எந்த வைரசு என்பதும் முக்கியம். உதட்டில் கொப்புளம் போடும் வைரசை அடக்கும் அளவு அசைக்ளோவிர், கொப்புளிப்பானும் அக்கியும் தரும் வைரசுக்குப் போதாது, பல மடங்கு வேண்டும். அதனால்தான் அக்கிக்கு 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து தரம். சைட்டோமெகலோ வைரசும் இதே குடும்பம்தான், ஆனால் அசைக்ளோவிரை முதலில் தூண்டிவிடும் தைமிடின் கைனேஸ் நொதியம் அதனிடம் இல்லை. அதற்குக் கான்சிக்ளோவிர் கொடுப்பார்கள்.

அசைக்ளோவிரைப் போன்ற இன்னொரு மருந்தான பென்சிக்ளோவிரின் கதை இன்னும் நல்லது. வைரசு பெருகுவதற்கு வேண்டிய நொதியத்தைத் தடுப்பதில் அது அசைக்ளோவிரை விடப் பலவீனம். ஆனால் ஹெர்பிஸ் தொற்றிய கலத்துக்குள் அசைக்ளோவிரின் வேலைசெய்யும் வடிவம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும், பென்சிக்ளோவிருடையது பாதியாகப் பத்து மணித்தியாலமாவது செல்லும். தட்டில் கிடைக்கும் ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

மூலிகை ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இனி இப்படி எழுதும்போது எந்தக் கலம், எந்த வைரசு, கலத்துக்கு என்ன சேதம், மனிதரில் சோதித்தார்களா என்ற நாலையும் தயவுசெய்து போடுங்கள். அக்கி கண்டால் மூன்று நாளுக்குள் வைத்தியரிடம் போகச் சொல்லி ஒரு வரியும் சேருங்கள். பெரியம்மா உங்கள் பேப்பரைத்தான் நம்புகிறார்.

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி