இரண்டு பாம்பு எதற்கு?

ஆசிரியருக்கு,

மருத்துவப் படிப்பு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்று. அதற்குப் போட்டிருந்த படம்தான் உறுத்தியது. சிறகு முளைத்த கோல், அதில் பின்னிக்கிடக்கும் இரண்டு பாம்புகள். அது கிரேக்கத் தூதுக் கடவுள் ஹெர்மிஸின் கோல். வணிகர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும், ஏன், திருடர்களுக்கும்கூட அவரே காவல். இறந்தோரின் ஆவியைப் பாதாளத்துக்கு அழைத்துப் போவதும் அவர் வேலைதான். மருத்துவமனை வாசலில் அவருக்கு என்ன வேலை? மருத்துவக் கடவுள் அஸ்கிலீப்பியஸ். அவர் கையில் இருப்பது சிறகில்லாத சாதாரண ஊன்றுகோல், சுற்றியிருப்பது ஒரே பாம்பு. எபிடாரஸ் என்ற பழைய கிரேக்க ஊரில் இருந்த அவரது கோயிலில் நோயாளிகள் இரவு தங்கி, கனவில் வைத்தியம் கேட்பார்களாம். உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தில் இருப்பதும் இந்த ஒற்றைப் பாம்புதான். 1902-இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு ஹெர்மிஸின் கோலைச் சீருடையில் ஏற்றிய பிறகு குழப்பம் நன்றாகவே பரவிவிட்டது.

நான் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவன். கிளினிக் பலகைக்கு மாதிரி என்று கொண்டுவந்து தருவதெல்லாம் பெரும்பாலும் இரட்டைப் பாம்புதான். ஒரே ஒரு டாக்டர் மட்டும் பலகையைப் பார்த்துவிட்டு, "ஒரு பாம்பை அழிச்சிடுங்க, அப்புறம் அந்தச் சிறகையும்" என்றார். பெயின்ட் காயவில்லை, துணியால் துடைத்துவிட்டேன். தங்கள் பக்க வடிவமைப்பாளர்களும் ஒற்றைப் பாம்புப் படம் ஒன்றைக் கோப்பில் சேமித்து வைத்து, மருத்துவச் செய்திகளுக்கு அதையே பயன்படுத்தலாம்.

- ஒரு வாசகர்