புதுக் கருவி வாங்கினால் பிழை போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு அறிவியல் பக்கத்தில் திரவங்களின் எக்ஸ் கதிர்க் கோணல் அளவீடு (எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று அளப்பது) பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிழை குறைய விலை கூடிய புதுக் கருவிதான் வழி என்று முடித்திருக்கிறீர்களே, அதை ஏற்க முடியவில்லை. கொழும்பில் இந்த வேலை செய்பவன் என்பதால் சொல்கிறேன், திரவத்தில் வருகிற பெரும் பிழைகள் புதுக் கருவிக்கும் கூடவே வரும்.

பளிங்குத் தூளென்றால், அதாவது படிகத் தூளென்றால், அளவீட்டு வரைபில் உச்சிகள் கூராக இருக்கும், நகர்ந்தால் உடனே தெரியும். தண்ணீருக்கோ செப்புக் கதிரில் (செப்பு இலக்கிலிருந்து வரும் எக்ஸ் கதிரில்) 28 பாகைக்குக் கிட்ட அகன்ற ஒரு மேடு, அதற்குள் தவறு ஒளிந்துகொண்டால் லேசில் பிடிபடாது. முதலில் பார்க்க வேண்டியது திரவ மட்டத்தை. மாதிரிக்கும் உணரிக்கும் இடைத்தூரம், அதாவது ஆரை, 200 மில்லிமீற்றராக உள்ள கருவியில் மட்டம் வெறும் 0.1 மில்லிமீற்றர் இறங்கினாலே அந்த மேடு ஏறத்தாழ 0.06 பாகை சிறிய கோணத்துக்கு நகரும். ஏசி காற்று நேரே படுகிற இடத்தில் திறந்து வைத்த தண்ணீர் அளந்து முடிவதற்குள் எவ்வளவு வற்றும் என்று யோசித்துப் பாருங்கள். கிளிசரின் இதற்கு எதிர்மாறு, நம்மூர்க் காற்றின் ஈரத்தை உறிஞ்சி கலவையே மாறிவிடும். மட்டம் சரியாக இருந்தாலும் செப்புக் கதிர் தண்ணீருக்குள் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு இறங்குவதால், ஆழத்திலிருந்து சிதறி வருவதும் சேர்ந்து மேட்டை அதே பக்கம் இழுக்கும்.

சரி, மூடிய கண்ணாடி நுண்குழாயில் அளக்கலாமே என்றால் அளக்கலாம், அப்போது கண்ணாடியின் சிதறலைக் கழிக்க வேண்டும். வெறும் குழாயை அளந்து அப்படியே கழிப்பவர்கள் அதிகம். நிரப்பிய குழாயில் திரவம் கதிரின் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது, அந்த உறிஞ்சலுக்குத் திருத்தம் போடாமல் கழித்தால் தேவைக்கு மேல் கழித்ததாகிவிடும்.

அப்புறம், எல்லாக் கோணங்களையும் ஒரே மெதுவான ஓட்டத்தில் அளப்பதை விட வேகமான பல ஓட்டங்களை எடுத்துக் கூட்டுவது நல்லது. இடையில் கதிரின் செறிவு மாறியிருந்தால் ஓட்டங்களை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

தேங்காய் எண்ணெய் அளப்பவர்களுக்கு ஒன்று: 24 பாகை செல்சியசுக்குக் கீழே ஏசியை வைத்தால் எண்ணெய் உறையத் தொடங்கும், பிறகு வருகிற கூரான உச்சிகளைக் கண்டு புதுக் கண்டுபிடிப்பு என்று குதிக்க வேண்டாம்.

1971இல் நார்ட்டன், லெவி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட தண்ணீர் அளவீட்டைப் பல தசாப்தங்களாக ஆதாரமாக எடுத்தார்கள், அன்று இன்றைய கருவி எதுவும் இல்லை. அடுத்த கட்டுரையில் விலைப்பட்டியலுக்குப் பதிலாக, உச்சிகள் வரும் கோணம் துல்லியமாகத் தெரிந்த சிலிக்கன் தூளை வைத்துக் கருவியின் கோணத்தைச் சரிபார்க்கிற முறையை எழுதச் சொல்லுங்கள்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06