ரொறன்ரோ போகும் தோழிக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. விசா கிடைத்துவிட்டது, மார்கழி முதல் கிழமையில் பயணம் என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் எனக்கே கால் நிலத்தில் பாவவில்லை. இத்தனை வருஷமாகத் தொலைபேசியில் பார்த்துக் கொஞ்சிய பேரப்பிள்ளைகளை இனி மடியில் வைத்துக் கொஞ்சப் போகிறாய்.

இங்கே மழை பிடித்துவிட்டது. கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தால் வாவி கரை முட்டி நிற்கிறது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே பெய்தால் முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டி வரும் என்று ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். திருக்கோவில் பக்கம் எப்படி? விதைத்த வயல் தப்புமா? தம்பியைக் கேட்டதாகச் சொல்லு.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள், பின்னேரங்களில் பிள்ளைகள் வெளியே ஐஸில் ஸ்கேற்றிங் போக வேணும் என்று நிற்கிறார்கள், எங்கே கூட்டிக்கொண்டு போவது, அந்தக் கூதலில் நான் நின்று பிடிப்பேனா என்று கேட்டிருந்தாய். மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போய் ஒரு குளிர்காலம் முழுக்க ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் இருந்தவள் நான். தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேணும். பிள்ளைகளுக்காக மட்டும் போகாதே, உனக்காகவும் போ. நம் ஊர்களில் இருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று போகும் தாய்மார் எத்தனையோ பேர் அந்தக் குளிர்காலத்தைக் குசினிக்கும் ஜன்னலுக்கும் இடையிலேயே கழிக்கிறார்கள். மகள் இருந்த மாடிக்கட்டடத்திலேயே அப்படி இருந்தவர்களைக் கண்டேன். மார்கழியில் அங்கே பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடும். பகல் முழுக்க வீடு வெறிச்சோடிக் கிடக்கும். அப்படி ஒரு மாதம் போனால் மனதுக்குள்ளும் இருட்டு வந்துவிடும். எனக்கு அந்த ஊரில் நாலு முகம் பழக்கமானது வீட்டுக்குக் கிட்ட இருந்த ஸ்கேற்றிங் திடலில்தான். கோயிலில் கூட அப்படிப் பழக்கம் வரவில்லை.

ரொறன்ரோ மாநகரசபை 50க்கும் மேற்பட்ட திறந்தவெளித் திடல்களை நடத்துகிறது. உள்ளே போகக் காசு இல்லை. கார்த்திகைக் கடைசியில் திறக்கத் தொடங்குவார்கள். மூடும் நாள் இடத்துக்கு இடம் மாறும், சில திடல்கள் பங்குனி நடுப்பகுதி வரை இருக்கும். மகன் இருப்பதும் ஸ்காபரோவில்தானே, அப்படியென்றால் அல்பேர்ட் கம்பெல் சதுக்கத்தில் தொடங்கு. ஸ்காபரோ நகரமண்டபத்துக்கு முன்னால் இருக்கிறது. 1973இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தை வடிவமைத்தவர் ரேமண்ட் மொரியாமா என்ற யப்பானிய வம்சாவளிக் கனடியர். பக்கத்திலேயே பெரிய கடைத்தொகுதி இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கை விறைத்தால் உடனே உள்ளே போய்விடலாம். சூடாக ஏதும் வாங்கிக் குடிக்கலாம். உன்னைப் போல முதல்முறை போகிறவர்களுக்கு அது பெரிய வசதி. வார நாளில் போ. சனி, ஞாயிறில் சனம் நெரியும்.

போகும் முன்பு மருமகளைக் கேட்டு மாநகரசபையின் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள். ஒரே திடலில் ஒரு நேரம் எல்லாருக்குமான ஸ்கேற்றிங், இன்னொரு நேரம் ஷின்னி. ஷின்னி என்றால் பெடியன்கள் மட்டையும் கையுமாக ஆடும் ஹொக்கி. அந்த நேரத்தில் சின்னவளைக் கூட்டிக்கொண்டு போய் நிற்காதே.

கீழே ஆழம் இருக்குமோ, ஐஸ் உடைந்தால் என்ன செய்வது என்று நீ பயந்து எழுதியிருந்தாய். இந்தத் திடல்களில் அந்தப் பயமே வேண்டாம். அடியில் இருப்பது கொங்கிறீற் தரை. அதற்குள் குழாய்கள் ஓடுகின்றன. குளிரூட்டிய உப்புக்கரைசலை அவற்றுக்குள் ஓடவிட்டு, மேலே தண்ணீரைப் படை படையாகத் தெளித்து உறைய வைக்கிறார்கள். அதனால்தான் வெளியே பூச்சியத்துக்கு மேலே ஒன்றிரண்டு பாகை இருந்தாலும் ஐஸ் இளகாமல் இருக்கிறது. வெயில் கூடினாலோ பெருமழை பெய்தாலோ மேலே தண்ணீர் தேங்கும், மூடிவிடுவார்கள், அவ்வளவுதான்.

குளமும் ஏரியும் வேறு. ஹை பார்க்கில் கிரெனடியர் குளம் என்று ஒன்று இருக்கிறது. உறைந்து கிடக்கும்போது பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் நீ தனியே அவர்களை அதில் இறக்காதே. ஒருவர் தனியே நிற்கவே குறைந்தது 15 சென்ரிமீற்றர் தடிப்பு வேணும், ஒரு கூட்டம் நின்று விளையாட 20 என்பது அங்கே சொல்லும் கணக்கு. ஒரு இடத்தில் தடிப்பாக இருக்கும், பத்து அடி தள்ளி, தண்ணீர் ஓடும் இடத்தில், மெல்லிசாக இருக்கும். மேலே பனி மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. நம் வாவியில் சுழி எங்கே என்று மீன்பிடிக்காரருக்குத் தெரியும், அதே மாதிரி அந்தக் குளத்தை அறிந்தவர்களுக்குத்தான் அது.

அந்த ஜம்போனி வண்டியைப் பற்றியும் சொல்ல வேணும், உன் அப்பா நினைவுதான் வந்தது. கொஞ்ச நேரம் ஆட்கள் ஓடினதும் ஐஸ் முழுக்கக் கீறலும் தூளுமாகிவிடும். எல்லாரையும் வெளியே ஏற்றிவிட்டு ஒரு பெரிய வண்டி மெல்ல மெல்லச் சுற்றி வரும். அடியில் இருக்கும் அலகு மேற்படையைச் சீவி எடுக்க, அதற்குப் பின்னால் ஈரத்துணி சுடுதண்ணீரைப் பூசிக்கொண்டே போகும். பச்சைத்தண்ணீர் இல்லை, சுடுதண்ணீர்! அது பழைய ஐஸைக் கொஞ்சம் இளக்கி அதோடு ஒட்டி உறைவதால்தான் அந்த மினுமினுப்பு. வண்டி போன தடம் புதிதாக மெழுகிய முற்றம் போல ஈரம் மின்னக் கிடக்கும், ஆவி பறக்கும். பிள்ளைகள் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் பார்த்து நிற்பார்கள். அதைச் செய்தவர் கலிபோர்னியாவில் ஃபிராங்க் ஜம்போனி என்பவர், 1949இல். அவருக்கு முதலில் இருந்தது ஐஸ் கட்டி செய்து விற்கும் வியாபாரம். குளிர்சாதனப் பெட்டிகள் பரவ அந்த வியாபாரம் படுத்துப்போக, ஸ்கேற்றிங் திடல் கட்டினார். அதைத் துப்புரவாக்க ஒரு கூட்டம் ஆட்கள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பாடுபட வேண்டியிருந்ததைப் பார்த்துத்தான் வண்டி செய்ய இறங்கினாராம். மீன்பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போடுவதில் உன் அப்பா பட்ட பாடு தெரிந்த எனக்கு, அந்த மனிதர் மேல் தனி மரியாதை.

பிள்ளைகள் ஓரளவு பழகினதும் நகரத்துக்குள்ளே போ. நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தைப் பார்க்காமல் வரக்கூடாது. ஸ்காபரோவில் ஓடிய சின்ன ரயில் 2023இல் நின்றுவிட்டது. கெனடி நிலையம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து சப்வே எடுத்து, புளோர்-யங்கில் மாறி, குயீன் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடை. 12 வயது வரை பிள்ளைகளுக்கு பஸ்ஸும் சப்வேயும் இலவசம். கோடையில் தண்ணீர்த் தடாகமாக இருப்பதைக் குளிரில் திடலாக்கிவிடுகிறார்கள். திடலுக்கு மேலே கொங்கிறீற் வளைவுகள் போகும், பின்னால் உயரம் வேறுபட்ட இரண்டு வளைந்த கோபுரங்கள். 1965இல் திறந்த நகரமண்டபம் அது. வடிவமைத்த வில்யோ ரெவெல் என்ற பின்லாந்துக்காரர் திறப்பதற்கு முதல் வருஷமே காலமாகிவிட்டார். தான் வரைந்ததில் பிள்ளைகள் ஓடுவதை அவர் காணவில்லை என்று எனக்கு மனம் நொந்தது. இருட்டின பிறகு போ, விளக்குகள் எரியும்போது. அலகு பூட்டிய ஸ்கேற்றிங் சப்பாத்து வாடகைக்கும் அங்கே எடுக்கலாம். ஆனால் முதல் நாளே பிள்ளைகளை அங்கே கொண்டுபோகாதே. விழப் பழகுகிற பிள்ளைக்கு அந்தச் சன நெரிசல் ஆகாது.

நேரம் இருந்தால் பென்ற்வேக்கும் போய் வாருங்கள். கார்டினர் என்ற பெருந்தெருவின் பாலத்துக்குக் கீழே, 2018இல் திறந்த 220 மீற்றர் பாதை, எட்டு வடிவத்தில் வளைந்து போகும். மேலே பாலம் கூரையாக இருப்பதால் பனி கொட்டினாலும் பெரிதாக நனைய மாட்டீர்கள். தலைக்கு மேலே வாகனங்கள் இரைந்து போக, கீழே இவர்கள் வழுக்கிப் போவது நல்ல வேடிக்கை. மேற்குக் கரையில் கேர்ணல் சாமுவேல் ஸ்மித் பூங்காவிலும் மரங்களுக்கு நடுவே இதே எட்டு வடிவப் பாதை உண்டு. ஸ்காபரோவில் இருந்து தூரம், மகன் காரில் கொண்டுபோனால் பார்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒட்டாவாவின் ரிடோ கால்வாய். ரொறன்ரோவில் இருந்து ஏறக்குறைய 450 கிலோமீற்றர், அதனால் ஒரு வார இறுதிக்குத் திட்டம் போட வேணும். 1832இல் திறந்த பழைய கால்வாய், 2007இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியது. 1971இல் இருந்து குளிர்காலத்தில் மக்கள் ஸ்கேற்றிங் செய்யத் துப்புரவாக்கித் தருகிறார்கள். நகரத்தின் நடுவால் 7.8 கிலோமீற்றர்! அந்த நீளத்துக்கு ஒரு ஊரே ஐஸில் நடமாடுவதைப் பார். தள்ளுவண்டியில் குழந்தை, முதுகில் பையோடு வேலைக்குப் போகிறவர், கைகோத்துக்கொண்டு போகும் கிழவனும் கிழவியும். வழியில் பீவர் டெயில் என்று ஒரு பொரித்த மாப்பண்டம் கறுவாவும் சீனியும் தூவித் தருவார்கள். நம் கறுவா வாசனை அந்தக் குளிரில் மூக்கில் ஏறியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அது இயற்கையாக உறையும் ஐஸ். 30 சென்ரிமீற்றர் தடிப்பாவது வந்தால்தான் திறப்பார்கள். தொடர்ந்து இரண்டு கிழமை கடுங்குளிர் வேணும். 2023 குளிர்காலத்தில் ஒரு நாள் கூடத் திறக்கவில்லை, அது தொடங்கிய பிறகு முதல் தடவையாக. பூமி சூடாகிறது என்று நாம் இங்கே வெள்ளத்திலும் வரட்சியிலும் அறிவதை அவர்கள் அங்கே உறையாத தண்ணீரில் அறிகிறார்கள். தை கடைசி, மாசி தொடக்கம்தான் நல்ல காலம். பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்கும் முன்பு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் முகம் வாடிப்போகும்.

சாமான்கள் பற்றி. ஐந்து வயதுக்காரிக்குக் கட்டாயம் ஹெல்மெற் வேணும், அதுவும் ஹொக்கி ஹெல்மெற். சைக்கிள் ஹெல்மெற் பின்மண்டையைக் காக்காது. பழகும் வரை மூத்தவனுக்கும் போடு. நீ ஐஸில் இறங்கினால் உனக்கும்தான். சப்பாத்துக்குள் ஒரே ஒரு மெல்லிய கம்பளிச் சொக்ஸ் போதும். கூதல் என்று இரண்டு மூன்று போட்டால் கால் உள்ளே ஆடும், இரத்த ஓட்டமும் குறைந்து இன்னும் விறைக்கும். கயிறு கட்டுவதில் கவனம். விரல் பக்கம் தளர்வாக விட்டு, கணுக்காலில் இறுக்கு. பிள்ளையின் காலை உன் மடியில் வைத்து, குதிக்காலைப் பின்னுக்கு ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்துவிட்டுக் கட்டத் தொடங்கு. எழுந்து நிற்கும்போது கணுக்கால் உள்ளே மடிந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டு. வாடகைச் சப்பாத்தின் அலகு மழுங்கியிருந்தால் மாற்றித் தரச் சொல்லு, மழுங்கிய அலகு பக்கவாட்டில் வழுக்கி ஆளை விழுத்தும்.

முதலில் விழப் பழக்கு. முழங்காலை மடித்துப் பக்கமாகச் சரிய வேணும். விழுந்ததும் விரல்களைப் பொத்திக்கொள்ள வேணும், மற்றவர்களின் அலகு ஏறாமல் இருக்க. பிறகு முழங்காலில் எழுந்து, ஒரு காலை ஊன்றி நிமிர வேணும். பேரனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு சீனத்துப் பாட்டி. அவவுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. அவ தானே ஐஸில் சரிந்து விழுந்து காட்டி, எழும்பிக் காட்டினா. பேரன் அவவைப் பார்த்து விழுந்து விழுந்து எழும்பினான். பிறகு என் கையைப் பிடித்து என்னையும் ஒரு சுற்றுக் கொண்டுபோனா. நம்மூரில் அறுபது தாண்டிய பெண்ணை யார் விளையாடக் கூப்பிடுகிறார்கள், சொல்லு?

உனக்கு முழங்கால் நோ இருக்கிறதே, டொக்டரைக் கேட்காமல் நீ இறங்காதே. கரையில் வாங்கு இருக்கும், பல இடங்களில் சூடான அறையும் உண்டு. அங்கே இருந்தாலும் காற்றும் சனமும் உனக்குக் கிடைக்கும். பெற்றோருக்குக் கொடுக்கும் சுப்பர் விசாவுக்கு எடுக்கும் மருத்துவக் காப்புறுதி விழுந்து முறிந்தால் என்னென்ன செலவைத் தரும் என்று மகனை வாசித்துப் பார்க்கச் சொல்லு.

என்னுடைய தடித்த ஜக்கெற், கையுறை, காதை மூடும் தொப்பி எல்லாம் அலுமாரியில் சும்மா கிடக்கின்றன. வருகிற கிழமை மழை விட்டால் அக்கரைப்பற்று பஸ்ஸில் கொண்டுவந்து தருகிறேன். போட்டுப் பார், கை நீளம் கூடினால் அங்கேயே இருந்து தைத்துத் தந்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் விடுதித் தோழி