உப்பளத்துக்கு ஒரு கழிப்பறை

ஆசிரியர் அவர்களுக்கு,

தூத்துக்குடியில் இருபது வருஷமாக உப்பு வாருகிறேன். சித்திரை வெயிலில் பாத்தியில் நின்றால் தலைக்கு மேலே சூடு, உப்பு வெளுப்பில் பட்டு முகத்தில் அடிக்கிற சூடு வேறு. தொண்டை வறண்டாலும் பெண்கள் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எங்கே ஒதுங்குவது? கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு மறைவு கிடையாது. விடியற்காலையில் கொண்டுபோகிற பாட்டில் பாதித் தண்ணீரோடு வீடு திரும்பும். நீர்க்கடுப்பு எங்களுக்குப் பழகிவிட்டது. போன வருஷம் கூட வேலை செய்த அக்கா பாத்தியிலேயே மயங்கி விழுந்தார். சிறுநீரகத்தில் கல் என்றார் டாக்டர்.

2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல காரியம். அப்படியே பாத்திக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை, ஓலைப் பந்தல், குடிதண்ணீர் கட்டாயம் என்றும் உத்தரவு போட வேண்டும். அடுத்த பங்குனிக்குள் வந்தால் போதும்.

– உப்பளத் தொழிலாளி, தூத்துக்குடி