லா அண்ட் ஆர்டரில் மீண்டும் பழைய சூடு

ஆசிரியருக்கு,

1990இல் தொடங்கி 2010இல் நின்றுபோன ‘லா அண்ட் ஆர்டர்’ என்ற அமெரிக்கக் குற்ற வழக்குத் தொலைக்காட்சித் தொடர் 2022இல் மறுபடி வந்தபோது, வழக்குகள் அவசர அவசரமாக முடிந்தன. யார் மீதும் மனம் ஒட்டவில்லை. 2024இல் தலைமை அரசு வழக்கறிஞர் ஜாக் மெக்காய் விடைபெற்றதும் அவ்வளவுதான் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அவர் இடத்துக்கு வந்த பாக்ஸ்டர், வழக்கோடு தன் பதவிக்கான தேர்தலையும் கணக்கில் வைப்பவர். அதனால் அவருக்குக் கீழே வழக்காடும் நோலன் பிரைஸுடன் உரசல் வருகிறது. எந்தக் குற்றச்சாட்டைச் சுமத்துவது, குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைப்பதாகப் பேரம் பேசலாமா என்று இருவரும் மோதும் காட்சிகளுக்காகவே பார்க்கலாம். 2025இல் ஷா விலகும்வரை, துப்பறிவாளர்கள் ஷாவும் ரைலியும் நல்ல ஜோடியாக இருந்தார்கள். பழைய ரசிகர்கள் தயங்காமல் திரும்பி வரலாம். அப்புறம், எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிரைஸையும் பாக்ஸ்டரையும் சீக்கிரம் சமாதானமாக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்