அப்பா வேலையைத் தம்பிக்குக் கேட்காதே

சுங்கை சிப்புட்

அன்புள்ள குமார்,

போனில் சொன்னால் நீ என்னைப் பேசி முடிக்க விடமாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

நாமக்கல் மாமா மகனுக்குக் கிடைத்த மாதிரி, இறந்துபோன அப்பாவின் வேலையைத் தம்பிக்கு வாங்கிவிடலாம், நம் தொகுதி ஒய்.பி.யை (மக்கள் பிரதிநிதியை) போய்ப் பாருங்கள் என்கிறாய். இங்கே மலேசியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாதய்யா. தமிழ்நாட்டில் உண்டு, கருணை அடிப்படையில் வேலை என்பார்கள். அங்கேயும் அது சொத்து மாதிரி கைமாறுவதில்லை. சர்வீஸில் இருக்கும்போது இறந்தவர் குடும்பம் 3 வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்து, குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது என்பதற்குச் சான்று, எல்லாம் வேண்டும். திடீரென்று நொடித்த குடும்பத்தைத் தூக்கிவிடத்தான் இந்த வேலை, இதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 1994-லேயே இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாம் கொடுத்த பிறகும் காலியிடம் வரவேண்டும். அதுவரை மாமா மகன் ஜவுளிக்கடையில் மூட்டை தூக்கினான். கையெழுத்துப் போட்ட அவன் அக்காள்கள் இன்றைக்கும் "நாங்க விட்டுக்கொடுத்த வேலை" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். அத்தை சொல்லி அழுததை நான் உன்னிடம் சொன்னதில்லை.

நமக்கு வருவது பென்சென் தெர்பித்தான், அதாவது இறந்த ஊழியரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் பென்ஷன். அப்பா ஆஸ்பத்திரி அட்டெண்டனாக நிரந்தர வேலையில் இருந்ததால், 1980 ஓய்வூதியச் சட்டப்படி எனக்கு மாதாமாதம் அது உண்டு. பெரிய தொகை இல்லைதான், ஆனால் அரிசிக்கும் கரண்டுக்கும் யார் கையையும் பார்க்க வேண்டாம். தம்பிக்கு அரசாங்க வேலை வேண்டுமென்றால் எல்லோரையும் போல எஸ்பிஏ என்ற அரசுப் பணி ஆணையத்தில் பதிந்து இன்டர்வியூ போகட்டும். அப்படியே கிடைத்தாலும், 2024 பிப்ரவரியிலிருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்கு அப்பாவுக்கு இருந்த பென்ஷன் இல்லை, இபிஎஃப் சேமநிதிதான். அந்த ஆசையில் நீ கேட்கிறாய் என்றால் விட்டுவிடு.

இன்னொன்றும் இருக்கிறது. உன் தாத்தா போனபோது லயத்து வீடு ரப்பர் எஸ்டேட்டுடையது. செக்ரோல் என்ற வேலையாள் பட்டியலில் பேர் இல்லாவிட்டால் வீட்டைக் காலி பண்ண வேண்டும். கருமாதி முடிந்த மறுநாள் கங்காணி வந்து, உள்ளே உட்காராமல், "பெரியவனை நாளைக்குப் பெரட்டுக்கு அனுப்பும்மா" என்றாராம். பெரட்டு என்றால் காலையில் வேலையாட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. அவருக்கு அது இரக்கம்தான், தப்புச் சொல்ல முடியாது. பாட்டி தாத்தாவின் பால் வெட்டும் கத்தியை எடுத்து, கைப்பிடி மகன் கைக்குப் பெரிதாக இருந்ததால் பழைய சீலைத்துணியைச் சுற்றிக் கொடுத்தார். அப்பாவின் பள்ளிக்கூடம் அதோடு சரி. ஆஸ்பத்திரி வேலை கிடைக்கும்வரை அவர் தாத்தாவின் அந்த ரப்பர் மர வரிசையிலேயே பால் வெட்டினார். உங்கள் இருவரையும் பால் வெட்டுவதைப் பார்க்கக்கூட அவர் கூட்டிப்போனதில்லை, கவனித்திருக்கிறாயா?

தம்பிக்கு மோட்டார் மெக்கானிக் படிப்புத்தான் பிடிக்கிறது. வீட்டுக்கு மூத்தவன் நீ சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டான், அதுதான் எனக்குப் பயம். அவனிடம் இந்த வேலைப் பேச்சை எடுக்காதே. ஃபீஸில் பாதியை நீ ஏற்றுக்கொள்ள முடிந்தால் அதை மட்டும் சொல்லு.

எங்கள் கல்யாணச் சர்ட்டிபிகேட் நீ கடைசியாக எடுத்துப் போன ஃபைலில் இருக்கிறது. பென்சென் பாரத்தோடு வைக்க வேண்டும், ஜொகூரிலிருந்து போஸ் லாஜு கூரியரில் அனுப்பிவிடு.

அம்மா